கேளுங்க சொல்றேன்: ஊரையே மைக் முன்னாடி நிறுத்தின ஆசாரி

போன இதழ்ல அமெரிக்க கன்ட்ரி மியூசிக், அதாவது அந்த ஊர் கிராமத்துப் பாட்டு பத்தி ஒருத்தர் கேட்டிருந்தார். 1927ல பிரிஸ்டல்ங்கற சின்ன ஊருக்கு விக்டர் ரிக்கார்டு கம்பெனி மெஷினோட வந்து இறங்கின கதைய அதுக்கு பதிலா எழுதிட்டு, "கம்பெனிக்காரருக்கு அந்தப் பக்கம் வழி காட்டினதுல ஒரு ஆசாரிக்கு பெரிய பங்கு உண்டு"ன்னு ஒரே ஒரு வரியோட முடிச்சிருந்தேன். அந்த ஒரு வரிய பிடிச்சுக்கிட்டு இவ்ளோ லெட்டர், மெயில், வாட்ஸ்அப்பு. அதனால இந்த தடவை சினிமா, அரசியல் கேள்விக்கெல்லாம் லீவு, பூரா அந்த ஆசாரி கதைதான்.

யாரு சார் அந்த ஆசாரி? பேரைக்கூட சொல்லாம போயிட்டீங்களே. - வாசகர், திண்டுக்கல்

எர்னஸ்ட் ஸ்டோன்மேன். வயசான காலத்துல எல்லாரும் பாப் ஸ்டோன்மேன்னு கூப்பிட்டாங்க. 1893 மே 25, வர்ஜீனியா மாநிலத்துல கேரல் கவுன்ட்டி, ப்ளூ ரிட்ஜ் மலைப்பக்கம், மரக்கட்டைய அடுக்கி கட்டின ஒரு வீட்டுல பொறந்தவர். சின்னக் குழந்தையா இருக்கப்பவே அம்மா போயிட்டாங்க, அப்பா பாப்டிஸ்ட் சர்ச்ல பிரசங்கம் பண்றவர், பாட்டு கத்துக்கொடுத்தது எல்லாம் பெரியப்பா சித்தப்பா பசங்கதான். அந்தப் பக்கத்துல கேலக்ஸ்னு ஒரு ஊர் இருக்கு, அங்க அன்னிக்கு எந்த வீட்டுக் கதவ தட்டினாலும் உள்ள ஒரு பிடிலோ பேஞ்சோவோ இருக்கும், அப்படிப்பட்ட ஏரியா.

வயித்துப்பாட்டுக்கு மில்லு, நிலக்கரி சுரங்கம், தச்சு வேலைன்னு கிடைச்சத எல்லாம் செஞ்சிருக்கார். கடைசி வரைக்கும் கைகொடுத்தது தச்சு வேலைதான், அத பின்னாடி சொல்றேன். பாட்டு தவிர கிட்டார், மவுத் ஆர்கன், ஆட்டோஹார்ப் மூணும் வாசிப்பார். ஆட்டோஹார்ப் பாத்திருக்கீங்களா? ஒரு தட்டையான பெட்டி, மேல நிறைய கம்பி, குறுக்கால பட்டன் வெச்ச பட்டைகள், ஒரு பட்டன அமுக்கினா அந்த கார்டுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்களுக்கு, வேண்டாத கம்பியெல்லாம் அடங்கிடும், மிச்சத்த விரலால இழுத்து மீட்ட வேண்டியதுதான். ஹார்மோனியம் பழகறத விட சுலபம். தபால்ல கேட்லாக் பாத்து வரவழைக்கற சாமான், மலையூர் வீடுகள்ல சாதாரணமா கெடக்கும்.

ஆசாரி எப்படிங்க ரிக்கார்டு கொடுக்கப் போனார்? யாராவது பெரிய ஆளு சிபாரிசா? - வாசகி, விழுப்புரம்

சிபாரிசும் இல்ல ஒண்ணும் இல்லம்மா, வயித்தெரிச்சல்!

1924ல மனுஷன் மேற்கு வர்ஜீனியால ப்ளூஃபீல்டுங்கற ஊர்ல தச்சு வேலை பாத்துட்டு இருந்தார். அங்க ஒரு கடையில ஹென்றி விட்டர்னு ஒருத்தரோட ரிக்கார்டு ஓடிட்டு இருந்துச்சு. இந்த விட்டர் ஃப்ரைஸ்ங்கற ஊர் பருத்தி மில்லுல வேலை பாத்தவர், ஸ்டோன்மேனுக்கு நல்லா தெரிஞ்ச ஆளு. நம்ம பக்கத்து ஊர்க்காரன், மூக்கால பாடறவன், இவன் பாட்டெல்லாம் நியூயார்க் போய் ரிக்கார்டா வந்திருக்குன்னா நாம பாடினா என்ன ஆகும்னு தோணியிருக்கு. தோணினதோட நிக்கல, ஓகே (Okeh), கொலம்பியாங்கற ரெண்டு ரிக்கார்டு கம்பெனிக்கும் லெட்டர் போட்டார், கூலி வேலைல மிச்சம் பிடிச்ச காச எடுத்துக்கிட்டு சொந்த செலவுல 1924 செப்டம்பர்ல நியூயார்க்குக்கு ரயில் ஏறிட்டார்.

அங்க ஓகே கம்பெனில உக்காந்திருந்தவர் ரால்ஃப் பீர். இந்தப் பேர ஞாபகம் வெச்சுக்கோங்க, இந்தக் கதை பூரா வருவார். மொத தடவை பாடினது வேகம் ஜாஸ்தின்னு ஓரமா வெச்சுட்டாங்க, 1925 ஜனவரில மறுபடி போய் நிதானமா பாடிக் கொடுத்தார். டைட்டானிக் கப்பல் முழுகின பாட்டு. அது பிச்சுக்கிட்டு போச்சு, அந்தக் காலத்து மலைப்பாட்டு ரிக்கார்டுகள்ல பெரிய ஹிட்டுன்னா அதுவும் ஒண்ணு.

கப்பல் முழுகினது 1912ல. பதிமூணு வருஷம் கழிச்சு வந்த பாட்டு எப்படி ஹிட் ஆச்சு? - வாசகர், தூத்துக்குடி

துறைமுக ஊர்க்காரர் கேட்கறீங்க, நியாயமான கேள்வி. அந்த மக்களுக்கு அது பழைய நியூஸ் இல்ல சார். ரயில் கவுந்தது, கப்பல் முழுகினது, கொலை, தூக்கு இதெல்லாம் பாட்டாகி வருஷக்கணக்குல ஊர் ஊரா சுத்திக்கிட்டே இருக்கும். 1903ல வர்ஜீனியால டான்வில் பக்கத்துல ஒரு தபால் ரயில் பாலத்துலேர்ந்து விழுந்துச்சு, அந்தப் பாட்டு இருபது வருஷம் கழிச்சு ரிக்கார்டா வந்து நாடு பூரா வித்துச்சு. விட்டர் பாடி கடையில ஓடிட்டு இருந்துச்சுன்னு சொன்னேனே, அதுவும் இதே ரயில் பாட்டுதான். டைட்டானிக் பாட்டும் ஏற்கெனவே வாய்வழியா திரிஞ்ச சரக்குதான். ஸ்டோன்மேன் அத அழுது புரண்டெல்லாம் பாடல, நடந்தத அப்படியே நேரா சொல்றாப்ல ஒரு குரல். வார்த்தை ஒண்ணொண்ணும் தெளிவா விழும். கதைப்பாட்டுக்கு அது போதும்.

ஸ்டோன்மேன டேலன்ட் ஸ்கவுட்டு, அதாவது திறமைசாலிங்கள தேடிப் பிடிச்சுக் கொடுக்கறவர்னு சொல்றாங்களே, கம்பெனில சம்பளம் வாங்கினாரா? அப்போ அது ஒரு உத்தியோகமா? - வாசகர், சேலம்

இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்லணும், பொறுத்துக்கோங்க.

அன்னிக்கு கிராமஃபோன் பெட்டிய வித்தது பெரும்பாலும் ஃபர்னிச்சர் கடைங்க. பெட்டி வாங்கினவன் ரிக்கார்டு வாங்க திரும்ப வருவான், எந்தப் பாட்டு கேட்டு வர்றான், எது இல்லைன்னு சலிச்சுக்கறான்னு கடைக்காரனுக்குத்தான் தெரியும், நியூயார்க் ஆபீஸ்ல உக்காந்திருக்கறவனுக்கு என்ன தெரியும்? 1923ல அட்லான்டால போல்க் ப்ராக்மன்னு ஒரு ஃபர்னிச்சர் வியாபாரிதான் பிடில் ஜான் கார்சன்ங்கற உள்ளூர்க்காரர பீர் முன்னாடி கொண்டு நிறுத்தினார். பீருக்கு அந்தப் பாட்டு சுத்தமா பிடிக்கல, பொது கேட்லாக்லகூட போடாம ப்ராக்மன் கேட்டார்னு ஐந்நூறு காப்பி மட்டும் அடிச்சு அனுப்பினாங்க, ஐந்நூறும் காலி. அப்புறந்தான் கம்பெனிக்காரங்க முழிச்சுக்கிட்டாங்க, ஆஹா மலையில காசு இருக்குடான்னு.

ஆனா கடைக்காரனால ஒரு அளவுக்குத்தான் முடியும். எந்த வீட்டுல எந்தக் கிழவர் நல்லா பிடில் வாசிப்பார், எந்தப் பொண்ணுக்கு ரெண்டாவது குரல் சேரும், யாருக்கு யாரு கூட ஒத்துப்போகாது, இதெல்லாம் கூடவே உக்காந்து வாசிக்கறவனுக்குத்தான் தெரியும். அங்கதான் ஸ்டோன்மேன் வர்றார். பீர் 1926 வாக்குல ஓகேய விட்டு விக்டருக்குப் போனப்ப ஸ்டோன்மேனும் அங்க பாட ஆரம்பிச்சார், அப்ப தனியா போகல, கும்பலா போனார். மனைவி ஹாட்டி, மச்சான் போலன் ஃப்ராஸ்ட், மச்சினி ஐர்மா ஃப்ராஸ்ட், பிடிலுக்கு கால் ப்ரூயர், அங்கிள் எக் டன்ஃபோர்டுன்னு வேடிக்கையான ஒரு பெரியவர். இந்த எக் டன்ஃபோர்டு பிடிலும் வாசிப்பார், இழுத்து இழுத்துப் பேசி கதையும் சொல்வார், ஸ்டோன்மேன் கூட்டிட்டு வரலைன்னா அந்தக் குரல் நமக்கு கிடைச்சே இருக்காது.

மாசச் சம்பளம், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்னு ஒண்ணும் கிடையாது. பாட்டுக்கு காசு, அதோட சரி. ஆனா பீர் ஒரு ஊர்ப்பக்கம் வரணும்னா முன்கூட்டி இவர்கிட்டதான் பேசினார், 1927 கோடையில கேலக்ஸ் பக்கம் வந்து இவரோட சுத்தி ஆளுங்கள கேட்டுட்டுப் போனார். ரிக்கார்டிங்க பிரிஸ்டல்ல வெச்சுக்கலாம்னு முடிவானதுக்கு அந்த ஊர் விக்டர் டீலர் சொன்னதும் ஒரு காரணம், ஸ்டோன்மேன் சொன்னதும் ஒரு காரணம். என்னைக் கேட்டா, பீரோட தைரியத்துக்குக் காரணம் ஸ்டோன்மேன்தான். நாலு பேரும் வரலைன்னாக்கூட இவரோட கும்பல் வந்து பத்துப் பாட்டு கொடுத்துடும், ரயில் செலவு வீணாகாதுங்கற நம்பிக்கை.

பிரிஸ்டல்ல அந்த ரிக்கார்டிங் எப்படி நடந்துச்சுன்னு விவரமா சொல்ல முடியுமா? நான் சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கறேன். - வாசகர், சென்னை

தம்பி, உங்களுக்காகவே சொல்றேன். பிரிஸ்டல்ல ஸ்டேட் ஸ்ட்ரீட்னு ஒரு மெயின் ரோடு, ரோட்டுக்கு நடுவுல மாநில எல்லை ஓடுது, இந்தப் பக்கம் நடந்தா டென்னசி அந்தப் பக்கம் நடந்தா வர்ஜீனியா. டென்னசி பக்கத்துல காலியா கெடந்த ஒரு தொப்பி கம்பெனி கட்டடத்தோட மாடிய வாடகைக்குப் பிடிச்சாங்க. எதிரொலி வராம இருக்க சுத்தி கம்பளி தொங்கவிட்டாங்க. பீர் கூட ரெண்டு இன்ஜினியர். மைக் புதுசு, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் ஒரு பெரிய தகர ஹார்ன் முன்னாடி தொண்டை கிழிய கத்தினாத்தான் பதியும், கிட்டார் சத்தமெல்லாம் உள்ளயே போகாது.

பதியறது கனமான மெழுகுத் தட்டு மேல. அந்தத் தட்ட சுத்த மோட்டாரை நம்பல, கரண்ட் ஏறி இறங்கினா சுருதி ஆடிடும், அதனால ஒரு கனமான எடைக்கல்ல உயரத்துலேர்ந்து மெதுவா இறங்கவிட்டு, அது இழுக்கற வேகத்துல கப்பி வழியா தட்டு சுத்தும், பழைய சுவர்க் கடிகாரத்துல குண்டு இறங்குமே அந்த டெக்னிக்கேதான். ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷத்துக்குப் பக்கம், அவ்ளோதான். பதினஞ்சு சரணம் இருக்கற கதைப்பாட்டுல எத வெட்டறதுன்னு பாடறவரே முடிவு பண்ணிக்கணும், பாதில இருமினா அந்த மெழுகு போச்சு. பதிஞ்சத திருப்பிப் போட்டுக் கேட்டா அதுலயும் மெழுகு கெட்டுடும், அதனால நல்லா வந்துச்சான்னு தெரியறதே கஷ்டம். எல்லாத்தையும் பதனமா பேக் பண்ணி நியூஜெர்சில கேம்டன் ஃபேக்டரிக்கு அனுப்பி, அங்க உலோக அச்சு எடுத்து, அப்புறம்தான் ரிக்கார்டு அடிக்கணும். எடிட்டிங், ஆட்டோட்யூன் இதெல்லாம் இப்ப நீங்க படிக்கற சமாச்சாரம்!

1927 ஜூலை 25, திங்கக்கிழமை ஆரம்பம். மொத நாள் பூரா ஸ்டோன்மேன் கும்பல்தான். ஒரே ஆளுங்க சேர்ந்து நிப்பாங்க, பக்திப் பாட்டுக்கு ஒரு பேரு, கூத்தடிக்கற பாட்டுக்கு இன்னொரு பேரு, டன்ஃபோர்டு முன்னால நின்னா அவர் பேருன்னு லேபிள்ல வேற வேற பேரா வரும்.

பேப்பர் நியூஸ் ஒண்ணுதான் கூட்டத்தையே கொண்டு வந்துச்சுன்னு எங்கயோ படிச்சேன், உண்மையா? - வாசகர், கும்பகோணம்

உண்மைதான், என்னைப் பொறுத்தவரை கதையோட உச்சமே அதான்.

விளம்பரம் ஏற்கெனவே வந்துச்சு, விக்டர் மெஷின் பத்து நாள் ஊர்ல இருக்கும் கடையில வந்து விசாரிங்கன்னு. ஒரு ஈ காக்கா வரல, நம்ம பாட்டையா கேக்கப் போறாங்கன்னு சனங்க இருந்துட்டாங்க. பீர் பாத்தார், உள்ளூர் பத்திரிகை நிருபரக் கூப்பிட்டு ரிக்கார்டிங் நடக்கறப்ப உக்காரவெச்சார். புதன்கிழமை பேப்பர்ல வந்த கட்டுரைல ஸ்டோன்மேன் எப்படிப் பாடினார், டன்ஃபோர்டு எப்படிப் பாடினார்ன்னு எல்லாம் போட்டுட்டு, கூடவே ஒரு குண்டப் போட்டாங்க. ஸ்டோன்மேனுக்கு ஒரு நாளைக்கு நூறு டாலர், போன வருஷம் ரிக்கார்டு வித்ததுல அவர் பங்கு மட்டும் 3,600 டாலர்!

அன்னிக்கு புது ஃபோர்டு மாடல் டி கார் முந்நூறு நானூறு டாலர்தான். மலைக்காடு பூரா தீ பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. அதுவரைக்கும் பிடில் வாசிக்கறவன்னா உருப்படாதவன்னு வீட்டுல திட்டு வாங்கிட்டு இருந்த ஆளுங்கள்லாம் ரயில்ல, பஸ்ல, குதிரை வண்டில, நடந்துன்னு கெளம்பி வந்துட்டாங்க, பீரால சமாளிக்க முடியாம ராத்திரி நேரத்துலயும் ரிக்கார்டிங் வெச்சார். ஆகஸ்ட் 5 வரைக்கும் மொத்தம் 19 குழு, 76 பதிவு.

இத நீங்க கவனிக்கணும். யாரையும் கையப் பிடிச்சு இழுத்துட்டு வர்றது மட்டும் ஸ்கவுட் வேலை இல்ல. நம்மள மாதிரி ஒருத்தன், நம்ம ஊர்க்காரன், தச்சு வேலை செஞ்சவன் இத்தனை சம்பாதிக்கறான்னு காட்டினதே போதும், மிச்ச பேரு தானா வந்துட்டாங்க. விட்டர் ரிக்கார்ட கேட்டப்ப இவருக்கு வந்த அதே வயித்தெரிச்சல் இப்ப இவர் பேரால ஊருக்கே வந்துச்சு.

அப்ப பிரிஸ்டல்ல பாடிட்டு பின்னாடி கன்ட்ரி மியூசிக்ல பெரிய பேரான ஜிம்மி ராஜர்ஸ், கார்ட்டர் ஃபேமிலி ரெண்டையும் கண்டுபிடிச்சது ஸ்டோன்மேனா? - வாசகர், ஈரோடு

இல்ல. அப்படி சில பேர் எழுதறாங்க, அது ஓவர்.

கார்ட்டர் குடும்பம் அந்தப் பக்கத்து மேசஸ் ஸ்பிரிங்லேர்ந்து மோசமான ரோட்டுல கார்ல வந்தாங்க. ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல். மேபெலுக்கு அப்ப 18 வயசு, நிறைமாசத்துக்குக் கிட்டத்தட்ட, அந்த நிலைமைல வந்து அந்த கிட்டார வாசிச்சிருக்கு அந்தப் பொண்ணு. ஆகஸ்ட் 1, 2 ரெண்டு நாள்ல ஆறு பாட்டு. ஜிம்மி ராஜர்ஸ் ஒரு பேண்டோட வந்தார், முந்தின நாள் ராத்திரி யார் பேர ரிக்கார்டுல போடறதுன்னு அவங்களுக்குள்ள சண்டை, பேண்டு தனி இவர் தனின்னு ஆயிடுச்சு, ஆகஸ்ட் 4 தனியா கிட்டாரோட நின்னு ரெண்டு பாட்டு. அந்த ரெண்டு பாட்டுலேர்ந்து அவர் எங்க போனார்ன்னுதான் போன இதழ்ல எழுதினேன்.

நான் யூடியூப்ல ஸ்டோன்மேன் பாட்டு நாலு கேட்டேன், சப்புன்னு இருக்கு. ஜிம்மி ராஜர்ஸ் பக்கத்துல வெக்க முடியுமா? - வாசகர், புதுச்சேரி

வெக்க முடியாதுங்க, நானே ஒத்துக்கறேன். ஸ்டோன்மேன் பொறந்த வருஷம் 1893, ராஜர்ஸ் 1897. நாலு வருஷ வித்தியாசந்தான், ஆனா பாட்டு கேட்டா ரெண்டு தலைமுறை. ஸ்டோன்மேன் தகர ஹார்ன் காலத்துல பழகினவர், குரலு ஒரே மட்டத்துல நேரா போகும், தன்னோட சோகம் எதையும் பாட்டுல சேர்க்க மாட்டார், கதைக்கு நான் யாரு நடுவுலங்கற மாதிரி. ராஜர்ஸ் மைக்க புரிஞ்சுக்கிட்டார், காதுகிட்ட வந்து பேசினார், நடுவுல குரல சட்டுன்னு மேல தூக்கி கீழ இறக்கற யோடலிங் வேற. அடுத்து வந்த சனங்களுக்கு அதுதான் பிடிச்சுது.

ஆனா ஒண்ணு, ஸ்டோன்மேனோட கும்பல் பாட்டு கேளுங்க, தனிப்பாட்டு இல்ல. ரெண்டு பிடில், பேஞ்சோ, பின்னால பெண் குரல், எல்லாரும் ஒரே மைக்க சுத்தி நின்னு பாடற பக்திப் பாட்டுங்க. ஹாட்டியோட பிடில் உள்ள ஓடறது தெரியும். அது சப்புன்னு இருந்தா எனக்கு ஒரு லெட்டர் போடுங்க.

விக்டர்னா நம்ம தாத்தா வீட்டுல இருந்த நாய் படம் போட்ட ரிக்கார்டா? - வாசகி, நாகர்கோவில்

நாய் ஒண்ணு, கம்பெனி ரெண்டு. அமெரிக்கால விக்டர், பிரிட்டன்ல கிராமஃபோன் கம்பெனி, ரெண்டும் சொந்தக்காரங்க மாதிரி, நிப்பர்ங்கற அந்த நாய் ஹார்ன் முன்னாடி உக்காந்திருக்கற படத்த ரெண்டு பேருமே போட்டுக்கிட்டாங்க. உங்க தாத்தா வீட்டுல இருந்தது எச்எம்வி, அது கிராமஃபோன் கம்பெனியோடது, கல்கத்தா டம்டம் ஃபேக்டரில அடிச்சதா இருக்கும்.

3,600 டாலர் சம்பாதிச்ச மனுஷன் ஏன் கடைசில கஷ்டப்பட்டார்? குடிச்சு அழிச்சாரா? - வாசகர், வேலூர்

ஏன் சார், காசு போச்சுன்னா குடிதான் காரணமா இருக்கணுமா? ஊரே போச்சு அப்ப!

1925லேர்ந்து 1929க்குள்ள இருநூறு பாட்டுக்கு மேல பாடியிருக்கார், ஓகே, விக்டர், எடிசன், ஜெனட், பாரமவுண்ட்னு கூப்பிட்ட கம்பெனிக்கெல்லாம். ஒரே பாட்ட நாலு கம்பெனிக்குக் கொடுப்பார், அதுல தப்பு ஒண்ணும் இல்லைன்னு நினைச்ச காலம். எடிசன் கம்பெனி அப்பவும் பழைய உருளை ரிக்கார்டு வித்துட்டு இருந்தாங்க, அதுலயும் இவர் குரல் இருக்கு. கேலக்ஸ்ல வீடு, கார் எல்லாம் வந்துச்சு. 1929ல பங்கு மார்க்கெட் விழுந்துச்சு. 1927ல அமெரிக்கால பத்து கோடி ரிக்கார்டு வித்த இடத்துல 1932ல அறுபது லட்சம். நூறுல ஆறு! அதுலயும் மொதல்ல நிறுத்தினது ஏழைங்க வாங்கற ரிக்கார்டத்தான், சோத்துக்கே இல்லாதவன் பாட்டா வாங்குவான்?

இன்னொரு விஷயமும் இருக்கு. பீர் ரொம்ப புத்திசாலி, பாட்டுக்கு அம்பது டாலர் கையில கொடுத்துட்டு, பாட்டோட காப்பிரைட்ட தன் பப்ளிஷிங் கம்பெனில சேர்த்துக்கிட்டார். ரிக்கார்டு விக்கலைன்னாலும் வேற யாராவது அந்தப் பாட்ட பாடினா காசு வந்துக்கிட்டே இருக்கும். பாடறவருக்கும் சின்னதா ராயல்ட்டி உண்டு, ஆனா அது ரிக்கார்டு ஓடற வரைக்கும்தான். தேடிப் பிடிச்சு ஆளக் கூட்டிட்டு வந்தவருக்கு அந்த ஆளோட பாட்டுல ஒரு பைசா பங்கு கிடையாது. பீரை வில்லன்னு நான் சொல்லல, மத்த கம்பெனிக்காரங்க பல பேர் அந்த ராயல்ட்டியகூட கொடுக்கல. ஆனா கணக்குன்னா கணக்குதான்.

வீடு போச்சு, கார் போச்சு, 1932ல குடும்பத்த அள்ளிப் போட்டுக்கிட்டு வாஷிங்டன் பக்கம் போனார். தச்சு வேலை, கிடைச்ச கூலி, அப்புறம் கடற்படை பீரங்கி ஃபேக்டரில வேலை. 1934ல ஒரு தடவை மகன் எட்டியோட போய் ரிக்கார்டு கொடுத்தார், அது ஓடல. அதுக்கப்புறம் பல வருஷம் கம்பெனிக்காரங்க யாரும் கூப்பிடவே இல்ல.

அவர் மனைவி பத்தி ஒரு வார்த்தைதான் வருது எல்லா இடத்துலயும். பிள்ளைங்க எத்தனை பேர்? - வாசகி, தஞ்சாவூர்

இத யாராவது கேப்பாங்களான்னு பாத்துட்டே இருந்தேன், நன்றிம்மா.

ஹாட்டி ஃப்ராஸ்ட். இசைக் குடும்பத்துப் பொண்ணு, பிடில், பேஞ்சோ ரெண்டும் வாசிப்பாங்க, 1918ல கல்யாணம். பொறந்தது 23 குழந்தைங்க, அதுல வளர்ந்து ஆளானது 13. அந்த கணக்குல மிச்சம் பத்த கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ரிக்கார்டிங்குக்கு நியூஜெர்சிக்கும் பிரிஸ்டலுக்கும் அலைஞ்சது எல்லாம் இதுக்கு நடுவுலதான். பஞ்ச காலத்துல வாஷிங்டன் பக்கம் சின்ன வீட்டுல இத்தனை பேர வளர்த்ததும் அவங்கதான். ஆனா லேபிள்ல புருஷன் பேருதான். இத்தனை வருஷமா எழுதறவங்களும் ஹாட்டிய "கூட வாசிச்ச மனைவி"ன்னே எழுதறாங்க. கூட வாசிச்சவங்க இல்ல, கும்பலோட முதுகெலும்பு அவங்க.

பிள்ளைங்க அத்தனை பேரும் ஏதாவது ஒண்ணு வாசிச்சாங்க. 1947ல வாஷிங்டன் கான்ஸ்டிடியூஷன் ஹால்ல ஒரு போட்டில குடும்பமா ஜெயிச்சு ஆறு மாசம் டிவில வாய்ப்பு வந்துச்சு. 1956ல பசங்க தனி பேண்டா போய் டிவில ஆர்தர் காட்ஃப்ரி நடத்தின போட்டில ஜெயிச்சாங்க, நிகழ்ச்சி பேரே டேலன்ட் ஸ்கவுட்ஸ், பேர கேட்டு கிழவர் சிரிச்சிருப்பார்ன்னு நினைக்கறேன். அதே 1956ல கிழவர் வேற ஒரு டிவி க்விஸ் நிகழ்ச்சிக்குப் போய் பத்தாயிரம் டாலர் ஜெயிச்சுட்டு வந்தார்! ரோனிங்கற பொண்ணு மூணு விரல் பேஞ்சோல கில்லாடி, பின்னாடி டிவில காமெடியிலயும் பெரிய பேர். டானா மேண்டலின். 1967ல கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் மொதமொத விருது கொடுத்தப்ப சிறந்த குரல் குழு விருது இந்தக் குடும்பத்துக்கு. அடுத்த வருஷம் 1968 ஜூன் 14, நாஷ்வில்ல 75 வயசுல ஸ்டோன்மேன் போயிட்டார். உருளை ரிக்கார்டுல ஆரம்பிச்சு ஸ்டீரியோ எல்பி, டிவி ஷோ வரைக்கும் பாத்த மனுஷன், அப்படி இன்னொருத்தர தேடினாலும் கிடைக்க மாட்டாங்க.

கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்னு பெரிய கலைஞர்கள கௌரவிக்கற பட்டியல் இருக்கே, அதுல இவர் இருக்காரா? - வாசகர், காரைக்குடி

இருக்கார். ஜிம்மி ராஜர்ஸ் 1961, கார்ட்டர் ஃபேமிலி 1970, ரால்ஃப் பீர் 1984, ஸ்டோன்மேன் 2008. பிரிஸ்டல்ல மொத நாள் மைக் முன்னாடி நின்னவருக்கு இந்த வரிசைல எந்த இடம்னு நீங்களே எண்ணிக்கோங்க.

எங்கேர்ந்து கேக்க ஆரம்பிக்கறது? காப்பிரைட் பிரச்சனை இல்லாம டவுன்லோட் பண்ண முடியுமா? - வாசகர், கோயமுத்தூர்

அமெரிக்க சட்டப்படி 1923லேர்ந்து 1946 வரைக்கும் வந்த ரிக்கார்டுகளுக்கு நூறு வருஷ பாதுகாப்பு, அது முடிஞ்சதும் ஜனவரி 1லேர்ந்து யாரு வேணா எடுக்கலாம். அப்படிப் பாத்தா 1925ல வந்த டைட்டானிக் பாட்டு 2026 ஜனவரி 1லேர்ந்து அங்க பொதுச் சொத்து. அது தகர ஹார்ன்ல பதிஞ்சது, இரைச்சல் இருக்கும், ஹெட்ஃபோன் போடாம ஸ்பீக்கர்ல கேளுங்க. அப்புறம் பிரிஸ்டல் பதிவுகளுக்குப் போங்க, அதுல ஒரு நாள்ல வந்தத வரிசையா கேளுங்க, எல் வாட்சன்னு ஒரு கறுப்பின மவுத் ஆர்கன்காரர் இருக்கார் அவர விட்டுடாதீங்க, கம்பெனிக்காரங்க வெள்ளைக்கு ஒரு கேட்லாக் கறுப்புக்கு ஒரு கேட்லாக்னு பிரிச்சு வித்த காலத்துல அவரும் அதே மாடிலதான் வந்து வாசிச்சார். பிரிஸ்டல் பதிவுல அந்த வருஷமே வெளிவந்ததெல்லாம் 2028 ஜனவரி 1 அன்னிக்குத்தான் ஃப்ரீ ஆகும், அது வரைக்கும் காசு கொடுத்தோ ஸ்ட்ரீமிங்லயோ கேளுங்க. கடைசியா 1957ல ஃபோக்வேஸ்ங்கற ரிக்கார்டு கம்பெனி போட்ட எல்பி, 60 வயசு தாண்டின ஸ்டோன்மேன், ஆட்டோஹார்ப் கம்பி ஒண்ணொண்ணும் தனித்தனியா கேக்கும்.

பின்குறிப்பு: மவுத் ஆர்கன கழுத்துல மாட்டிக்கிட்டு கிட்டார் வாசிக்கற ஸ்டாண்டு எங்க கிடைக்கும்னு மூணு தம்பிங்க கேட்டிருக்காங்க. ஸ்டோன்மேன் தனக்கு வேண்டியத தானே செஞ்சுக்கிட்டார், உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேணாம், நல்ல மியூசிக் கடை எதுலயும் மவுத் ஆர்கன் ஹோல்டர்னு கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. வாங்கறப்ப ஸ்க்ரூ இறுக்கமா நிக்குதான்னு மட்டும் பாத்து வாங்குங்க.